கொபோரியை அவள் எப்போது நேசிக்கத் தொடங்கினாள்?

நண்பர்களே, வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தாய்லாந்தில் தொலைக்காட்சி நாடகத்தை லக்கோன் என்பார்கள். ராத்திரி எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வரும், விளம்பரத்தோடு சேர்த்து ஒரு எபிசோடு இரண்டு மணி நேரம்கூட ஓடும், சில மாதங்களில் கதை முடிந்துவிடும். இதில் நிறைய நாடகங்கள் புகழ்பெற்ற நாவல்களிலிருந்து வருபவை. ஒரே நாவலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புது நடிகர்களை வைத்துத் திரும்பவும் எடுப்பார்கள். பாட்டி ஒரு பதிப்பைப் பார்த்திருப்பார், அம்மா இன்னொன்றை, மகள் இப்போது மூன்றாவதைப் பார்ப்பாள். யார் சாவார், யார் யாரைக் கட்டிக்கொள்வார் என்பதில் அந்த வீட்டில் ரகசியமே கிடையாது. அப்படியிருந்தும் விடிய விடிய வாதம் நடக்கிறது. எதைப் பற்றி? அவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை, இந்த இரண்டு பேரும் சேரலாமா கூடாதா, இதைப் பற்றித்தான்.

இந்த வாதங்களை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு மனிதரை மன்னிக்க எந்தக் காரணம் போதும் என்பதை ஒரு சமூகம் உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பார்க்கிற இடம் அது. அதில் ஒரு கோணல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். ஆண் பாத்திரத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அது அவனுக்கு மன்னிப்பாகிவிடுகிறது. பெண் பாத்திரத்துக்குக் காரணம் கிடைத்தால் அதுவும் அவள் குற்றப்பத்திரிகையில் ஒரு வரியாகச் சேர்ந்துகொள்கிறது.

தாய்லாந்தின் முதல் தொலைக்காட்சி நிலையம், பாங் குன் ப்ரோம் என்ற இடத்திலிருந்த சேனல் 4, 1955இல் தொடங்கியது. அடுத்த வருடம் ஜனவரியில் அங்கே ஒளிபரப்பான முதல் நாடகத்தின் பெயர் என்ன தெரியுமா? சூரியானி கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்கிறாள். தலைப்பே அதுதான்! ஒரு பெண் ஏன் மறுக்கிறாள் என்ற கேள்வியோடு தொடங்கிய கலை அது. எழுபது வருடமாக அந்தக் கேள்வியை அது விட்டுவிடவேயில்லை.

சரி, 'கூ கம்' கதைக்கு வருவோம். தாய்லாந்தில் இதைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். தொம்மயந்தி என்ற பெயரில் எழுதியவரின் நாவல். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை தாய்லாந்துக்குள் இறங்குகிறது, பிறகு இரு அரசுகளும் கூட்டாளிகள். தோன்புரிப் பக்கம் ஆற்றங்கரையில் அம்மாவோடும் பாட்டியோடும் வாழ்கிறாள் அங்சுமாலின். கிம் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பாள். பக்கத்துக் கப்பல் பட்டறையில் ஜப்பானியக் கடற்படை அதிகாரி கொபோரி இருக்கிறான். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பால்ய நண்பனுக்காகக் காத்திருப்பதாக அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். ஊர்ப் பேச்சும் அரசியல் கட்டாயமும் சேர்ந்து அவளைக் கொபோரிக்குக் கட்டிவைக்கின்றன. கடைசியில் பாங்கோக் நொய் ரயில் நிலையத்தில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட, அவன் சாகக் கிடக்கும்போதுதான் அவள் உன்னை நேசிக்கிறேன் என்கிறாள். 1990இல் சேனல் 7இல் தோங்சாய் மேக்கின்டயர் கொபோரியாக நடித்த பதிப்பை இன்றைக்கும் மக்கள் கண் கலங்கப் பேசுகிறார்கள். 2013இல் ஒரே வருடத்தில் தொலைக்காட்சிப் பதிப்பும் திரைப்படமும் வந்தன.

இதில் தீராத வாதம், அவள் எப்போது அவனை நேசிக்கத் தொடங்கினாள் என்பது. முதலிலிருந்தே நேசித்தாள், நாட்டை ஆக்கிரமித்தவனை நேசிப்பது துரோகம் என்று மறைத்துக்கொண்டாள் என்று ஒரு கட்சி. நேசமே கிடையாது, சாகிறவனைப் பார்த்த குற்றவுணர்ச்சிதான் அப்படிப் பேசவைத்தது என்று இன்னொரு கட்சி. கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, அவளுக்கே தெரியாமல் வந்தது என்கிறவர்களும் உண்டு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நடிகை மாறினால் அந்தக் கணமும் இடம் மாறிவிடுகிறது என்பது. வசனம் கிட்டத்தட்ட அதேதான். ஒருத்தி கொபோரி படியேறி வரும்போது ஒரு நொடி தாமதித்து முகத்தைத் திருப்புகிறாள், இன்னொருத்தி உடனே திருப்பிக்கொள்கிறாள், அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு ஆட்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அதை நான் வீண் சண்டை என்று சொல்லவே மாட்டேன், நடிப்பை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் கிடைப்பது ஒரு கலைக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

ஆனால் இதே கதையில் பலர் வேகமாகக் கடந்து போகிற ஒரு ராத்திரி இருக்கிறது. கல்யாணமான பிறகு கொபோரி குடித்துவிட்டு வந்து அவளைப் பலவந்தப்படுத்துகிறான். கொபோரி நல்லவன், பொறுமைசாலி, அவள் குடும்பத்துக்கு எத்தனையோ உதவி செய்தவன், எல்லாம் உண்மை. அதனால்தான் அந்த ராத்திரி இவ்வளவு உறுத்துகிறது. அவள் மனதில் வேறொருவன் இருக்கிறான் என்ற வேதனை, தனிமை, போதை என்று அவனுக்காகக் காரணங்களை அடுக்குகிறவர்கள், அவளிடம் வந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஏன் இவ்வளவு தாமதமாகச் சொன்னாள்? அவன் குடித்தான் என்பது சமாதானம், அவள் தாமதித்தாள் என்பது குற்றம். கடைசியில் அவள் அவனை நேசித்தாள் என்றே நானும் நம்புகிறேன், ஸ்டேஷன் காட்சியில் நானும் அழுதிருக்கிறேன். அந்த நேசம் அந்த ராத்திரியைத் துடைத்துவிட்டது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கொபோரி விஷயத்தில் ஒரு ராத்திரியாக இருந்தது, வேறு நாடகங்களில் முழுக்கதையாகவே ஆனது. அறைவதும் முத்தமிடுவதும் மாறி மாறி வருகிற நாடகம் என்று தாய்லாந்துக்காரர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாயகன் கோபத்தில் கையைப் பிடித்து இழுப்பான், அவள் அறைவாள், அவன் முத்தமிடுவான், இடைவேளை. 2008இல் மட்டும் சேனல் 3 இந்த வகையில் இரண்டு பெரிய வெற்றிகளைக் கொடுத்தது. 'சம்லோய் ராக்' நாடகத்தில், தன் தம்பியின் தற்கொலைக்குக் காரணமானவள் என்று நினைத்து நாயகன் ஆள் மாறிக் கடத்திக்கொண்டு போகிறான், அடைத்துவைத்து வதைக்கிறான், அவள் தப்பே செய்யாதவள். 'சவான் பியங்' இன்னும் மோசம். நாயகன் கவியின் அப்பா லீலா என்ற இளம்பெண்ணை மறுமணம் செய்துகொள்கிறார், அந்த ஆத்திரத்தை அவன் லீலாவின் தங்கை நரின்மேல் தீர்த்துக்கொள்கிறான், அவளைக் கெடுக்கிறான். பிறகு அவனே அவளைக் காதலித்து, ஏங்கி, உருகி, கடைசியில் இருவரும் சேர்கிறார்கள். கவியாகத் தீராதேத் வோங்புவாபானும் நரினாக ஆன் தோங்பிரசோமும் நடித்தார்கள், இரண்டு பேருமே அற்புதமான நடிகர்கள், சிக்கலே அங்கேதான். தீராதேத்தின் கண்ணில் தெரிகிற வலியை நம்பாமல் இருக்க முடியாது. கவி ஏன் அப்படி ஆனான் என்பது நமக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்த அந்த இடத்திலேயே, அவன் செய்தது பாதி சரியாகிவிட்டதாக நம்மை நாடகம் நம்பவைக்கிறது.

இதற்கு முந்தைய வருடம், 2007இல், தாய்லாந்து தன் குற்றவியல் சட்டத்தின் 276ஆவது பிரிவைத் திருத்தி, மனைவியைப் பலவந்தப்படுத்துவதும் குற்றம்தான் என்று ஆக்கியிருந்தது. சட்டம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தபோது நாடகம் வேறு பக்கம் நின்றது. அப்புறம் 2014 ஜூலையில் இரவு ரயிலில் ஒரு 13 வயதுச் சிறுமிக்கு நடந்த கொடூரம் நாட்டையே உலுக்கியது. நாடகங்களில் பாலியல் வன்முறையைக் காதலாகக் காட்டுவதை நிறுத்துங்கள் என்று அந்த வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் எத்தனையோ பேர் இந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அதை ஒதுக்கினால் நான் நியாயமாகப் பேசியவன் ஆக மாட்டேன். வயதான பெண் பார்வையாளர்கள் சிலர் சொல்வது இது: அந்த நாவல்கள் எழுதப்பட்ட காலத்தில் நல்ல பெண் என்று பெயர் எடுத்தவள் ஆசையைக் காட்டக் கூடாது, வாய்விட்டுச் சொல்லவே கூடாது. அதனால் அவள் கெட்ட பெயர் எடுக்காமல் ஆசையைக் கதைக்குள் கொண்டுவர, பெண் எழுத்தாளர்களே கண்டுபிடித்த தந்திரம்தான் நாயகனின் பலவந்தம். அதைப் படித்த பெண்கள் அதை வன்முறையாகப் படிக்கவில்லை, தங்களுக்குக் கிடைக்காத ஒரு அனுமதியாகப் படித்தார்கள். இதை நான் மதிக்கிறேன், இதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 2008இல் பாங்காக்கில் ஒரு பெண்ணுக்குத் தன் ஆசையைச் சொல்ல அந்தத் தந்திரம் தேவைப்பட்டிருக்காது, அப்போதும் திரைக்கதை அதை விடவில்லையே!

ஆசையை வாய்விட்டுச் சொல்கிற பெண் இந்த நாடகங்களில் எப்போதும் ஒருத்தி உண்டு, வில்லி. நாங் ராய் என்பார்கள். அவள்தான் நாயகனுக்கு முதலில் நிச்சயிக்கப்பட்டவளாக இருப்பாள், அல்லது சின்ன வயதிலிருந்தே அவனை விரும்பியவளாக இருப்பாள். அவனை வேண்டும் என்று நேராகக் கேட்பாள். கத்துவாள், நாயகியின் முடியைப் பிடித்து இழுப்பாள், கடைசியில் பைத்தியமாவாள் அல்லது சாவாள். அவள் செய்கிற கொடுமைகளை நியாயப்படுத்த நான் வரவில்லை. இத்தனை பாத்திரங்களில் தன் நோக்கத்தை ஒளிக்காதவள் அவள் ஒருத்திதான் என்று பார்வையாளர்கள் சிலர் சொல்ல ஆரம்பித்தபோது, வாதமே வேறு திசைக்குப் போனது. 2018இல் 'புப்பேசன்னிவாத்' பெரும் அலையாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் காலத்துத் தொல்லியல் பெண் கேதசுராங், 17ஆம் நூற்றாண்டில், அன்றைய தலைநகர் அயூத்தயாவில், நாராய் மன்னர் காலத்தில், காரகேத் என்ற ஒரு வில்லியின் உடம்புக்குள் போய்க் கண் விழிக்கிறாள். எல்லோரும் வெறுத்த உடம்பு, உள்ளே வேறு மனம். தேத் என்ற நாயகன் நேசித்தது யாரை, அந்த முகத்தையா, உள்ளே வந்தவளையா? காரகேத்துக்கு யாராவது அழுதார்களா? அந்த நாடகம் ஓடியபோது மக்கள் பழைய கால உடை உடுத்திக்கொண்டு அயூத்தயாவின் வாட் சைவத்தனாராம் கோயிலில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள், அதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அந்த இரண்டு கேள்விகள்தான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன.

அடுத்த வருடம், கேதசுராங்காக நடித்த அதே ரணீ கேம்பன் 'க்ரொங் கம்' நாடகத்தில் ரேணுவாக வந்தார். நகோன் சவான் மாகாணத்தில் சும் சேங் என்ற சந்தை ஊர், சீன வம்சாவளிக் கடைக்காரக் குடும்பம், யோய் என்ற மாமியார், நான்கு மகன்கள். ரேணு, அமெரிக்க விமானத் தளம் இருந்த தாக்லியில் உடம்பை விற்றுப் பிழைத்தவள், மூத்த மகனுக்கு மனைவியாக அந்த வீட்டுப் படியேறுகிறாள். அங்கே நிலைக்க வசியம், மாந்திரீகம் வரைக்கும் போகிறாள். பழைய கணக்குப்படி பார்த்தால் இவள் அப்பட்டமான வில்லி. ஆனால் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் ரேணுவின் பக்கம் நின்றார்கள். வசியம் தப்பு என்று ஒப்புக்கொண்டே நின்றார்கள். யோய்க்கும் ஆட்கள் இருந்தார்கள்: ஊரில் மானத்தோடு கடை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கியவள், அவள் பயம் நியாயமில்லையா என்று கேட்டார்கள். கொபோரிக்கும் கவிக்கும் மட்டும் கிடைத்துவந்த பொறுமை இரண்டு பெண்களுக்குக் கிடைத்தது. எனக்கு அது பெரிய மாற்றமாகத் தெரிந்தது.

இந்த வாதங்களுக்கெல்லாம் மூத்த வாதம் ஒன்று உண்டு, தொலைக்காட்சிக்கு வெகு காலம் முன்பே தொடங்கியது. குன் சாங் குன் பேன் என்ற பழங்காப்பியம். சுபன்புரி ஊரில் சேர்ந்து விளையாடிய மூன்று குழந்தைகள்: அழகும் மந்திரமும் வீரமும் உள்ள குன் பேன், தலையில் முடியில்லாத பணக்காரன் குன் சாங், இருவரும் விரும்பிய வந்தோங். குன் பேனை மணக்கிறாள், அவன் போருக்குப் போகிறான், செத்துவிட்டான் என்று குன் சாங் பொய் சொல்லிக் கிளப்பிவிட, அவள் அம்மாவே அவளைக் குன் சாங்குக்குத் தள்ளுகிறாள். குன் பேன் வேறொரு மனைவியோடு திரும்பி வருகிறான். பிறகு ஒருநாள் வந்து இவளையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறான். இப்படியே வருடங்கள் இழுபட்டுக் கடைசியில் மன்னர் சபையில் நிறுத்துகிறார்கள்: யாரோடு இருக்க விரும்புகிறாய்? அவளால் ஒருவரைச் சொல்ல முடியவில்லை. இரண்டு மனம் கொண்டவள் என்று மரண தண்டனை. அவள் மகன் மன்னிப்பு வாங்கிக் குதிரையில் ஓடி வருகிறான், அதற்குள் வெட்டிவிட்டார்கள். இன்றைக்கும் ஒரு பெண்ணைத் திட்ட வந்தோங் என்ற பெயர் போதும். அதே குன் பேன், ஒரு மனைவியின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துக் குட்டிப் பேயாக வளர்த்தவன், அவன் பெயரில் தாயத்து விற்கிறது, காதல் கைகூட அதைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சுபன்புரியில் தெருக்களுக்கே இவர்கள் பெயர்தான்.

2021இல் ஒன் 31 சேனல் இதை அவள் பார்வையிலிருந்து 'வந்தோங்' என்று எடுத்தது. தாவிகா ஹோர்னே நடித்தார். ஒவ்வொரு வாரமும் குன் சாங் கட்சியும் குன் பேன் கட்சியும் முட்டிக்கொண்டன. குன் சாங் அவளைத் தவிர வேறு பெண்ணை நினைக்காதவன், கடைசிவரை தாங்கியவன் என்கிறது ஒரு கட்சி. பொய்யில் தொடங்கிய தாம்பத்தியத்துக்கு எத்தனை வருட அன்பு ஈடாகும் என்று கேட்கிறது மற்றது. எனக்கும் ஒரு பதில் உண்டு. பொய் சொன்னவன், தூக்கிக்கொண்டு போனவன், இந்த இரண்டு பேரில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்வியே தப்பு. அவள் பதில் சொல்லாமல் நின்றது தடுமாற்றம் இல்லை, அந்தச் சபையில் இருந்த எல்லோரையும்விட அவளுக்குத்தான் விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. மறுக்கிறவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள், குன் சாங் கட்சிக்காரர்கள் முதலில் பேசட்டும்.