வைக்கோல் சேர்க்கும் நாள்கள்

நேயர்கள் எல்லாருக்கும் அன்பான வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேச வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவள். கிறிஸ்துமஸை வீட்டில் பக்தியோடு எப்படிக் கொண்டாடலாம் என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு வழக்கம்தான். அதையே சொல்கிறேன்.

போன வாரம் என் பேரன் கேட்டான்: "ஆயா, தொட்டி இருக்கு. பாப்பா எங்க?" அவனுக்கு ஐந்து வயது. "பாப்பா இன்னும் வரல கண்ணு. நாமதான் முதல்ல படுக்கை போடணும்" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரம்தான் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு அன்று, குடில் சாமான்களில் தீவனத் தொட்டியை மட்டும் வெளியே எடுப்போம். பழப்பெட்டிப் பலகையை அறுத்து என் மாமனார் அடித்தது அது, ஒரு சாண் நீளம் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய நறுக்கிய வைக்கோல். அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்தவர், ராத்திரி செபம் முடிந்ததும் ஒரு துரும்பை எடுத்துத் தொட்டியில் போடலாம். என்ன செய்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் துரும்பைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் இரவில் பாலன் இயேசு படுப்பது அந்த வைக்கோலில்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். இருக்கட்டும். என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது ஒரு டிசம்பர் முழுக்க, காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் என் செருப்பு சேறு துடைத்து, வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மழைக்காலம். முதல் நாள் சாயங்காலம் சேறும் சகதியுமாகக் கழற்றிப் போட்டது அது. யார் செய்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மகன் தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, ஏதோ பேசிக்கொண்டிருக்கையில், "அம்மா, அந்தச் செருப்பு நான்தான்" என்றான். அந்த ரகசியத்தைப் பத்தொன்பது வருஷம் வைத்திருந்திருக்கிறான். கிறிஸ்துமஸ் பற்றி நான் எடுத்த எந்த வகுப்பிலும் இவ்வளவு நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஏன் தொட்டியிலிருந்து தொடங்குகிறோம்? லூக்கா நற்செய்தியைப் பாருங்கள். விடுதியில் இடம் இல்லை. அதனால் மாதா தன் பிள்ளையைத் துணியில் சுற்றி, மாடு தீனி தின்கிற தொட்டியில் கிடத்தினார். கடவுளுடைய மகனுக்கு முதலில் கிடைத்தது இந்த இடம்தான். அதை நான்கு வாரம் வெறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால், நம் வீட்டில் யாருக்கு இடம் இல்லாமல் போனது என்ற கேள்வி தானாக வரும்.

அப்புறம், மெழுகுவர்த்தி வளையம். இதை இப்போது எல்லாக் கோயிலிலும் பார்க்கிறீர்கள். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு இல்லம் நடத்தினார். பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, நாளுக்கு ஒரு சிறிய மெழுகுவர்த்தி, ஞாயிறுக்கு ஒரு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி என்று வைத்துக் கொடுத்தார். பிற்பாடு நான்கு மட்டும் நின்றன. கத்தோலிக்கர் நாங்கள் மூன்று ஊதா, மூன்றாவது ஞாயிறுக்கு ஒரு ரோஜா நிறம் என்று வைக்கிறோம். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடமே எங்கள் கடலூர்தான். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தச் சபையார். உங்கள் வழக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று அவரிடம் சொல்வேன். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம்.

வளையத்துக்குப் பச்சை இலை கடையில் வாங்க வேண்டாம். எங்கள் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புக்குக் குறைவில்லை. இரண்டு கிளை கேட்டு வாங்கி வளைத்துக் கட்டினால் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் டிவியை அணைத்துவிட்டு, குழல்விளக்கையும் அணைத்துவிட்டு, அந்த வாரத்து மெழுகுவர்த்தியை ஏற்றுவோம். பைபிளில் எசாயா புத்தகத்திலிருந்து நாலு வரி. ஒரு பாட்டு. பத்து நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும்.

2015ஆம் வருஷம் நவம்பரில் பிடித்த மழை டிசம்பரிலும் விடவில்லை என்பது கடலூர்க்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிய வாரமே வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை. வீட்டில் வேறு விளக்கும் இல்லை. வளையத்தில் இருந்த நாலையும் பிடுங்கி, எங்களுக்கு இரண்டு, மாடியில் எங்களோடு வந்து தங்கிய குடும்பத்துக்கு இரண்டு என்று பகிர்ந்துகொண்டோம். அந்த அம்மா கைக்குழந்தைக்காரி. ரோஜா நிற மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் ராத்திரி பால் காய்ச்சினார். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் குடில் பொம்மைகள், களிமண் பொம்மைகள், கரைந்து போயிருந்தன. தொட்டி மட்டும் மிதந்து மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. அந்த வருஷம் எங்கள் குடில் அந்தத் தொட்டியும், பாதி எரிந்த ரோஜா மெழுகுவர்த்தியும்தான். இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று எசாயா சொன்னதை அதற்கு முன் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த வருஷம் வாசிக்கும்போது குரல் வரவில்லை.

குடிலைப் பற்றி ஒன்று மட்டும். அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் வைத்த குடிலில் இருந்தது ஒரு தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை. அவ்வளவுதான். சீரியல் பல்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடிலைப் பிள்ளைகள் கையால் செய்யட்டும். கேழ்வரகை முளைக்கப் போட்டுப் புல்தரை செய்யட்டும். மாதாவுக்கு வெள்ளைக்கார முகம்தான் வேண்டும் என்றும் இல்லை. விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலில் பெரியநாயகி மாதா கையில் பிள்ளையோடு தமிழ்ப் பெண்ணாகத்தானே நிற்கிறார்!

பலகாரம் அவரவர் வீட்டுப் பழக்கம். புதுச்சேரி வீடுகளில் ரவையும் நெய்யும் முந்திரியும் போட்டு விவிக்கம் கேக் செய்வார்கள். எங்கள் வீட்டில் அதிரசம், முறுக்கு, கல்கல். முதல் தட்டு வெளியே போக வேண்டும், அப்புறம்தான் நாங்கள் வாயில் வைப்போம். தீபாவளிக்கு நமக்கு வந்த தட்டுகளை நினைவு வைத்து அனுப்ப வேண்டும். தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதும் இல்லை. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள்.

24ஆம் தேதி நள்ளிரவுப் பூசையில், திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடாத வானவர் கீதத்தைச் சாமியார் தொடங்கியதும் மணிகள் எல்லாம் ஒலிக்கும். வீட்டுக்கு வர ஒன்றரை மணி ஆகும். துணியில் சுற்றி வைத்த பாலனை வீட்டிலேயே சின்னப் பிள்ளை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைக்கோலில் படுக்க வைக்கும். இந்த வருஷம் அது என் பேரன் முறை.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் 25ஆம் தேதியோடு முடிவதில்லை. 2004இல் 25ஆம் தேதி சாயங்காலம், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அம்மாவிடம் ஒரு எவர்சில்வர் தட்டில் அதிரசமும் கல்கலும் கொடுத்தேன். "நாளைக்குத் தட்டைக் கொண்டாரேன் டீச்சர்" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் வந்தது.

ஒவ்வொரு 26ஆம் தேதியும் தேவனாம்பட்டினத்தில் மக்கள் கடலில் பாலும் பூவும் விட வருவார்கள். நாங்களும் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தியோடு போய் அங்கே நின்று செபிப்போம். பிறகு ஒரு தட்டுப் பலகாரத்தோடு அந்த அம்மாவின் மகள் வீட்டுக்குப் போவோம். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. முதல் வருஷம் அந்தப் பெண் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் உள்ளே போய், பலகாரத்தைக் கொட்டிவிட்டு, தட்டு நிறைய நெத்திலிக் கருவாடு வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

வணக்கம்.