ஹாஷிமோட்டோ இருக்கிறது சரி, அடுத்து என்ன வருமோ?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை, உட்கார்ந்து பேசப் போகிறேன். எனக்கு ஹாஷிமோட்டோ இருப்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியைப் போட்டுத் தாக்குகிறது. இப்படி நம் உடம்பையே தாக்குகிற நோய்களுக்கு ஆட்டோஇம்யூன் நோய்கள் என்று பெயர். 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்கிற ஜப்பான் டாக்டர் இதைப் பற்றி முதலில் எழுதினார். அவர் எழுதியது நான்கு நோயாளிகளைப் பற்றி, நால்வரும் பெண்கள். இன்றைக்கும் ஆண்களைவிட நமக்குத்தான் இது பல மடங்கு அதிகம்.

எங்கள் அம்மா இன்னமும் "எதிர்ப்புச் சக்தி கூடும்டி" என்று கஷாயம் நீட்டுவார். அம்மா, எனக்கு அது ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது!

தைராய்டு மாத்திரையெல்லாம் பழகிவிட்டது. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு காபிக்குக் காத்திருக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான் கொடுமை. ஆனால் ராத்திரி படுத்தால் வேறு ஒரு யோசனை ஓடும். ஒரு ஆட்டோஇம்யூன் வந்தால் அடுத்ததும் வரும் என்கிறார்களே, விரல் வலித்தால் மூட்டுகளைத் தாக்குகிற முடக்குவாதமா, முடி கொட்டினால் உடம்பின் பல உறுப்புகளைத் தாக்குகிற லூபஸா?

பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. ஹாஷிமோட்டோ இருந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இன்னொரு ஆட்டோஇம்யூன் நோயும் இருந்தது. அதில் முதலிடம் முடக்குவாதத்துக்கு, அதுவே 4 சதவீதம்தான். அந்த 14-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பல நாள் தூங்காமல் கிடந்தேன். மீதி 86 பேர் கண்ணிலேயே படவில்லை.

இன்னொரு சிக்கல், தைராய்டு குறைந்தாலே மூட்டு வலிக்கும், முடி கொட்டும், அசதியாக இருக்கும். அதனால் புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் என் டாக்டர் முதலில் டி.எஸ்.எச். (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்வார். மாத்திரை டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும், அதற்குள் பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது.

"ஏ.என்.ஏ. எடுத்துப் பார்த்துவிடேன், நிம்மதி" என்று சித்தி பெண் சொன்னாள். லூபஸ் மாதிரி நோய்களைத் தேட எடுக்கிற ரத்தப் பரிசோதனை அது. நான் எடுக்கவில்லை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே அது லேசாக பாசிட்டிவ் வரும், ஹாஷிமோட்டோகாரர்களுக்கு இன்னும் சகஜம். அறிகுறியே இல்லாமல் எடுத்தால் நிம்மதியா கிடைக்கும்? இன்னும் நாலு ராத்திரி தூக்கம்தான் போகும்.

அப்புறம், ஹாஷிமோட்டோ என்றால் கோதுமையை நிறுத்து என்கிறார்களே, அந்த விஷயம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு, உண்மைதான். ஆனால் அது வட இந்தியாவில் இருக்கிற அளவுக்குத் தெற்கே இல்லை. விடாத வயிற்றுப்போக்கு, ஏறாத இரும்புச்சத்து இருந்தால் முதலில் டெஸ்ட் எடுங்கள். சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் போனால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம்.

எதற்கெல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டும் என்றால், காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து வீங்கியிருந்தால், கை கால் மரத்து நாக்கும் எரிந்தால் (பி12 குறைவாக இருக்கலாம்), தாகம் தாங்காமல் எடையும் இறங்கினால், தோல் கறுத்து உப்புக்கு ஏங்கி எழுந்தவுடன் தலை சுற்றினால். கடைசியாகச் சொன்னது மிக அரிது, ஆனால் வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒன்று: அது டி.எஸ்.எச். ரிசல்ட்டையே பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். ரத்தம் கொடுக்க ரெண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அதிக டோஸ் என்றால் இன்னும் முன்னாடியே. டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள். சரி, குக்கர் கூப்பிடுகிறது, அடுத்த வாரம் பார்ப்போம்.