கதியால் தளிர்ப்பது போல

(யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பேசியது. கடைசியில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியையும் சேர்த்திருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மாரே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1995 ஒக்டோபர் கடைசியில் ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது என் தம்பிக்கு நான்கு வயது. போன இடத்தில் அவனுக்கு வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. "வயிறு காயட்டும், ஒண்டும் குடுக்காதேங்கோ" என்றார் அம்மம்மா. பக்கத்துக் கொட்டிலில் இருந்த மருத்துவமாது வந்து பார்த்தார். "அப்பிடிச் செய்யாதேங்கோ அம்மா. ஜீவனி குடுங்கோ, கஞ்சியும் குடுங்கோ. உள்ளுக்கை தோல் திரும்பி வளர வேணுமெல்லே" என்றார். ஜீவனி என்றால் வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பும் சீனியும் கலந்த தூள். ஐந்தாம் நாள் தம்பி சோறு கேட்டு அழுதான். குடலுக்குள் தோல் வளரும் என்ற அந்தப் பேச்சு என் மனதை விட்டுப் போகவேயில்லை. பிறகு உயிரியல் படித்து, பல வருடம் படிப்பித்தும் விட்டேன். இன்றைக்கும் அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளம். உள்ளே சடைமுளைகள் என்று விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஒரு மில்லிமீற்றர் வரும், இல்லையென்றால் அதற்கும் குறைவு. அவற்றை மூடியிருப்பது ஒரேயொரு வரிசைக் கலங்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் நாங்கள் தின்ற மிளகாயும் புளியும், பித்தநீரும், எண்ணமுடியாத கிருமிகளும்; மறுபக்கம் இரத்தம். நடுவில் நிற்பது ஒற்றை வரிசை. இந்த வேலைக்கு நிற்கிற கலம் மூன்று முதல் ஐந்து நாளில் தேய்ந்து உதிர்ந்துவிடும். போன கிழமை உங்கள் சாப்பாட்டை உறிஞ்சிய கலங்களில் அநேகமாக ஒன்றும் இன்று உங்கள் சடைமுளைகளில் இல்லை.

புதியவை எங்கிருந்து வருகின்றன? சடைமுளைகளுக்கு இடையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. அந்தக் குழியின் அடியில் இருப்பவைதான் குருத்துக் கலங்கள். ஸ்டெம் செல் என்று பேப்பரில் வாசித்திருப்பீர்கள். 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுகூடத்தில்தான் எல்.ஜி.ஆர்.5 என்ற அடையாளத்தை வைத்து இவற்றைத் திட்டமாகக் கண்டுபிடித்தார்கள். எலியின் ஒரு குழியில் இவை ஏறத்தாழ 15. ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு தடவை அளவில் பிரியும். பிறந்த பிள்ளைக் கலங்கள் படிப்படியாக மேலே ஏறும். ஏறும்போதே உறிஞ்சுகிற கலமாகவோ சளி சுரக்கிற கலமாகவோ முதிரும். உச்சிக்குப் போய் உதிரும். பானெத் கலம் என்று ஒரு வகை மட்டும் மேலே ஏறாமல் அடியிலேயே தங்கிவிடும். அது கிருமியையும் கொல்லும், பக்கத்தில் உள்ள குருத்துக் கலத்துக்கு "நீ குருத்தாகவே இரு" என்று இரசாயனச் செய்தியும் கொடுக்கும். எனக்கு இந்தக் கலத்தில் தனி மரியாதை உண்டு.

சரி, காயம் பட்டால்? முதலில் அக்கம்பக்கத்துக் கலங்கள் தட்டையாகி, ஊர்ந்து வந்து, வெறுமையான இடத்தை மூடும். இது சில மணி நேரத்துக்குள் நடக்கும். புதுக்கலம் எதுவும் தேவையில்லை. அதன் பிறகுதான் குழிகளில் பிரிவு வேகமெடுக்கும். வயிற்றோட்டத்தைக் கொண்டுவருகிற ரொட்டா வைரஸ் பிள்ளைகளின் சடைமுளை நுனியைத்தான் அழிக்கிறது. அடியில் உள்ள குருத்து பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் சில நாட்களில் பிள்ளை எழும்பி ஓடுகிறது. ஆனால் பாற்சீனியைச் செரிக்கிற நொதியம் முதிர்ந்த கலங்களில்தான் உண்டு. புதுக்கலம் ஏறி முதிரும் வரை சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பால் ஒத்துவராது. தாய்ப்பாலை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனியோடு சிங்க் குளிசையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் அறிவித்ததும் இதையொட்டித்தான்: கலம் பிரிந்து வளர சிங்க் வேண்டும். பட்டினி போட்டால் அந்த வேலைக்குச் சாமான் எங்கிருந்து வரும்?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். குருத்தே செத்துப்போனால் என்ன நடக்கும்? தெல்லிப்பழைக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றப் போய்வருகிறவர்களுக்கு வயிற்றோட்டமும் வாய்ப்புண்ணும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகப் பிரிகிற கலத்தை அந்த மருந்து தாக்கும்; குடல் குழியில் இருப்பதும் வேகமாகப் பிரிகிற கலம்தான்.

பனையை எடுங்கள். வளர்கிற குருத்து உச்சியில் ஒன்றே ஒன்று. ஷெல் விழுந்து தலை போன பனைகளை நாங்கள் எத்தனை பார்த்தோம். மொட்டையாக நின்றன, ஒன்றும் திரும்பத் தளிர்க்கவில்லை. குடலும் பனை மாதிரித்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2011இல் எலிகளின் குடலில் எல்.ஜி.ஆர்.5 கலங்களை மட்டும் தேர்ந்து கொன்று பார்த்தார்கள். குடல் தன்பாட்டில் வேலை செய்தது! பின்வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. குழியை விட்டு மேலே புறப்பட்டு, "நான் உறிஞ்சும் கலமாகப் போகிறேன்", "நான் சுரக்கும் கலமாகப் போகிறேன்" என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைக் கலங்கள் திரும்பி அடிக்கு வந்து, தாங்களே குருத்தாகின்றன.

அப்படியென்றால் குடல் எங்கள் வேலியில் நிற்கிற கிளுவை. முற்றிய கொப்பைத் தறித்துக் கதியாலாக நட்டால் மாரிமழையோடு தளிர் விடுகிறதல்லவா? மரத்தின் கையாக இருந்தது தானே மரமாகிவிடுகிறது. ஆனால் கதியாலும் வேர் விடாவிட்டால் பட்டுப்போகும். அதே போல, கதிர்வீச்சு பட்ட எலிகளில் புதிதாக வந்த எல்.ஜி.ஆர்.5 கலங்களையும் அழித்தபோது குழிகள் திரும்ப எழவில்லை. திரும்பி வந்த கலம் உண்மையாகவே குருத்தாக மாறியாக வேண்டும்.

இதை வைத்தியத்துக்கும் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். 2009இல் தொஷிரோ சாட்டோ, அதே நெதர்லாந்து ஆய்வுகூடத்தில், ஒரு தனிக் குருத்துக் கலத்திலிருந்து குழியும் முளையுமாகச் சின்னக் குடலையே கிண்ணத்தில் வளர்த்தார். 2022இல் டோக்கியோவில், பெருங்குடல் புண்நோய் உள்ள ஒருவரின் சொந்தக் கலங்களை இப்படி வளர்த்து அவருடைய குடலிலேயே திரும்ப வைத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்கிற வைத்தியமாக இது வருவதற்கு நாள் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

பேசி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "சேர், எல்லாக் கதியாலும் தளிர்த்துக்கொண்டே போனால் வேலி காடாகிவிடாதா?"

ஆகிவிடும், பிள்ளை. அதற்குத்தான் புற்றுநோய் என்று பெயர். "போதும், நிறுத்து" என்று சொல்கிற ஏ.பி.சி. என்ற மரபணு பழுதாகிப் போனால் குழிக்குள் பிரிவு நிற்காது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு பழுதாகியிருக்கிறது. அது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் சின்ன முளையாக, பல வருடம் நோவே இல்லாமல் இருக்கும். அந்த நிலையில் கண்டால் கமரா விட்டு வெட்டி எடுத்துவிடலாம். அதனால் வீட்டில் அப்பப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ மலத்தோடு இரத்தம் போனால், மூலவியாதி என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டு இருக்க விடாதே. கையைப் பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ.