எடைக்குப் போன ஆயுதசாலை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'ஒரு நகரத்தின் பழைய ஆயுதசாலை இருந்த இடத்திலேயே முழுதாக இருக்க வேண்டுமா, அதில் சிறந்தவற்றை மட்டும் அருங்காட்சியகங்கள் எடுத்துக் காத்தாலே போதுமா?' என்பது. 'முழுதாக இருக்க வேண்டும்' என்கிற அணியில் நான் பேசுகிறேன். இந்த அணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் தஞ்சாவூர்.

தஞ்சை அரண்மனைக்குள் போனவர்களுக்குத் தெரியும். மாடம் மாடமாக அடுக்கி எழும்பிய ஒரு கட்டடம் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் போல இருக்கும். பக்கத்தில் போனால் சன்னதி கிடையாது. ஆயுத கோபுரம் என்று அதற்குப் பெயர். நாயக்கர்கள் தொடங்கிய அரண்மனை, மராட்டிய மன்னர்கள் வளர்த்த அரண்மனை. கோபுரம் நிற்கிறது, பெயரும் நிற்கிறது. ஆயுதம் எங்கே?

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன் நடுவர் அவர்களே. 1799 ஒப்பந்தத்தில் இரண்டாம் சரபோஜி நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும்தான். 1855-இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அதோடு கம்பெனி அரசையே முடித்துவைத்தது. அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் விடவில்லை, வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் வரை போனது. 1859-இல் அங்கிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், 'இது அரசு செய்த செயல், இதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது' என்று சொல்லிவிட்டது.

அப்புறம் ஆயுதசாலைக்கு என்ன ஆனது? 1860-களில் சென்னை அருங்காட்சியகத்துக்கென்று நல்ல பொருள்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் என்கிற ஆங்கிலேயரே 1878-இல் தஞ்சையின் பழைய ஆயுதசாலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவைத்தார். அந்த ஆயுதசாலையைப் பற்றி இன்று பேசுகிற யாரும் அந்தக் கட்டுரைக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? 'சிறந்தவை பிழைத்துவிட்டனவே. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, உலகமே பார்க்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறார்கள், இதைவிட வேறென்ன வேண்டும்?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

'சிறந்தவை' என்பது எது ஐயா? தேர்ந்தெடுத்தவர் கண்ணுக்கு எது அழகாகப் பட்டதோ அது. பிடியில் யாளி செதுக்கிய கட்டாரி என்கிற குத்துவாள், நுணுக்கமாகச் செதுக்கிய உருக்கு அங்குசம், தந்தத்தால் செய்த வளரி என்கிற எறிகருவி. இவையெல்லாம் பிழைத்தன. ஆனால் ஒரு படைவீரன் கையில் பிடித்த சாதாரண வேல்? அலங்காரம் எதுவும் இல்லாத ஈட்டி முனை? கொல்லன் நாளுக்கு எத்தனை என்று கணக்கு வைத்து அடித்துத் தள்ளிய கத்தி? யார் அதைத் தேர்ந்தெடுப்பார்? எடைக்குப் போனது அதுதான். மன்னர் இடுப்பில் இருந்தது தங்கிவிட்டது, குடியானவன் தோளில் சுமந்தது உருகிப்போனது.

ஒரு கட்டாரியைப் பார்த்தால் அழகு தெரியும். ஆயிரம் கட்டாரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நாட்டின் கணக்கு தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறேன். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பிடி நம் ஊர் வேலை, கைக்குக் காப்பாக முன்னால் விரிந்து நிற்கிற தகடும் நம் ஊர் வேலை. ஆனால் அலகு ஐரோப்பாவில் செய்தது. வெளிநாட்டு வாளின் அலகை வெட்டி எடுத்து நம் கொல்லர்கள் தங்கள் பிடியில் பொருத்தியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய செய்தி பாருங்கள்! போர்த்துக்கீசியர் நாகப்பட்டினத்தில் இருந்த காலம் அது. 1620-இல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்தார். கடற்கரையில் கப்பல், கப்பலில் இரும்பு, அந்த இரும்பு வந்து சேர்ந்தது நம் பட்டறைக்கு.

சரி, அந்த ஆயுதசாலையில் நூற்றுக்கு எத்தனை கட்டாரிக்கு வெளிநாட்டு அலகு? பத்தா, ஐம்பதா? மன்னருக்கு நெருக்கமானவர்களுக்கு மட்டும் வெளிநாட்டு அலகா, சாதாரண வீரனுக்கும் உண்டா? எந்த அடுக்கில் எது இருந்தது? இன்றைக்கு உலகத்தின் எந்த அறிஞரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நியூயார்க்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கட்டாரிக்குக் கீழே 'தஞ்சாவூர், 17-ஆம் நூற்றாண்டு' என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? பதில் எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஓரத்தில் இருந்த பூ வேலைப்பாட்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்ட மாதிரி.

'முழுதாக வைத்துக் காப்பதெல்லாம் நடக்கிற காரியமா?' என்றும் எதிரணியில் கேட்டார்கள். நடந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் கிராஸ் என்று ஒரு நகரம். ஸ்டீரியா மாகாணத்தின் தலைநகரம். அங்கே 1642 முதல் 1645 வரை அந்தோனியோ சோலார் என்கிற கட்டடக் கலைஞர் ஓர் ஆயுதசாலை கட்டினார். நகரின் முக்கியமான கடைவீதியான ஹெரன்காஸில், வீடுகளோடு வீடாக நிற்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் மார்ஸ், மினர்வா என்கிற ரோமானியப் போர்த் தெய்வங்களின் சிலைகள். எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கி உஸ்மானியப் பேரரசு, எப்போது படை வரும் என்று தெரியாது. வந்தால் எடுத்துக் கொடுக்க ஆயுதம் தயாராக இருக்க வேண்டும். அதற்காகக் கட்டியது.

நூறு வருடம் கழிந்தது. துருக்கிப் பயம் விலகியது. 1749-இல் பேரரசி மரியா தெரேசா, 'இனி மாகாணத்துக்கு மாகாணம் ஆயுதக் கிடங்கு எதற்கு? கலைத்துவிடலாம்' என்று முடிவெடுத்தார். நம்ம கதை போலத்தானே தொடங்குகிறது? ஆனால் அந்த மாகாண மன்றத்தார் பேரரசிக்கு விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் முன்னோரின் வீரத்துக்கும் விசுவாசத்துக்கும் நினைவாக இந்த ஆயுதசாலை எங்களிடமே இருக்கட்டும் என்று கேட்டார்கள். பேரரசி ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு விண்ணப்பம். இன்றைக்கு அங்கே சுமார் 32,000 பொருள்கள் இருக்கின்றன. உலகத்தில் அந்தக் காலத்து ஆயுதசாலை இவ்வளவு பெரிதாக, அதே கட்டடத்தில் மிஞ்சியிருப்பது அங்கேதான்.

அங்கே என்ன இருக்கிறது தெரியுமா நடுவர் அவர்களே? மரத்தாலான உட்புறம், மரத் தாங்கிகள், அதில் மாடிக்கு மாடி வரிசை வரிசையாகத் துப்பாக்கிகள், ஈட்டிகள், வாள்கள். தலைக்கவசங்கள் கடையில் பாத்திரம் அடுக்கினது போல அடுக்கியிருக்கும். பெரும்பாலானவை பிரபுக்களின் அலங்காரக் கவசம் இல்லை, கூலிக்குச் சண்டை போட வந்தவனின் கவசம். ஒரே அச்சில் அடித்த மாதிரி இருக்கும். ஸ்டீரியாவின் எர்ஸ்பெர்க் மலையில் வெட்டிய இரும்பு அந்த மாகாணத்தின் உலைகளில் எப்படி ஆயுதமானது என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும். தனியாக ஒரு கவசத்தைத் தூக்கி வேறு நாட்டில் கண்ணாடிக்குள் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தன் வரிசையில் நிற்கும்போதுதான் அது பேசுகிறது.

1749-இல் கிராஸ் நகரத்துக்காக விண்ணப்பம் எழுத ஒரு மன்றம் இருந்தது. 1860-களில் தஞ்சைக்காக எழுத யார் இருந்தார்கள்? மன்னர் இல்லை. ராணியின் வழக்கை லண்டன் தள்ளிவிட்டது. ஆயுதத்தை எடுத்தவர்களே முடிவையும் எடுத்தார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

எதிரணியின் அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. 'ஆயுதம் கொலைக் கருவிதானே, அதை ஏன் கொண்டாட வேண்டும்? ஔவையாரே ஆயுதசாலையைப் பழித்தாரே' என்றார்கள். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று நின்றன படைக்கருவிகள். ஔவை பார்த்துவிட்டுச் சொன்னார்: உன்னுடையவை இங்கே அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

நண்பர்களே, அந்தப் பதிலை மறுபடி கேளுங்கள். ஔவை பழித்தது ஆயுதசாலையையா? பயன்பட்ட தடம் இல்லாத பளபளப்பைப் பழித்தார். முனை முறிந்த வேலுக்கும், அதைச் சரிசெய்கிற கொல்லனின் சின்னக் கொட்டிலுக்கும் பெருமை கொடுத்தார். தஞ்சையில் தேர்வு செய்தவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள்? பீலி கட்டியதை. எதை எறிந்தார்கள்? முனை முறிந்ததை. ஔவை நம் அணியில்தான் இருக்கிறார்.

கொலைக் கருவி என்கிற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்த இரும்பில் ரத்தம் பட்டிருக்கும். அது மறைக்க வேண்டிய செய்தி இல்லை. அதே சமயம் அந்த இரும்பு ஓர் உழைப்பாளியின் கைவேலையும்தான். தஞ்சை கீழவாசலில் பீரங்கி மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி என்று சொல்வார்கள். சுமார் 25 அடி நீளம். வார்த்தது கிடையாது. நீளநீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே வளையம் வளையமாக இறக்கி, உலையில் காய்ச்சி, அடித்தே ஒட்டியது. எத்தனை பேர் எத்தனை நாள் சம்மட்டி பிடித்திருப்பார்கள்! இன்னும் அதே கோட்டை மேட்டில், திறந்த வெளியில் கிடக்கிறது. அவ்வளவு எடையை இலேசில் யாரும் தூக்கிப் போக முடியாது. இடம் மாறாததால்தான் அந்த மேடு எவ்வளவு உயரம், பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, அந்த வாசலுக்கு ஏன் இவ்வளவு காவல் என்றெல்லாம் ஒரு சிறுவன்கூடக் கேட்க முடிகிறது.

'ஒரே இடத்தில் வைத்தால் தீப்பிடித்து எல்லாம் போய்விடுமே' என்றார் எதிரணித் தங்கை. உண்மை. 1841-இல் லண்டன் கோபுரத்தின் பெரிய கிடங்கு எரிந்து ஏராளமான ஆயுதங்கள் போயின. தீத்தடுப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதற்கு அது காரணம். பிரித்து அனுப்புவதற்குக் காரணம் ஆகாது.

கடைசியாக, நடுவர் அவர்களே, கிராஸ் வரைக்கும்கூடப் போக வேண்டாம். அதே தஞ்சை அரண்மனைக்குள்ளேயே எனக்குச் சாட்சி இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகம். அதே மன்னர்கள், அதே 1855. ஆனால் சுவடிகள் அரண்மனையிலேயே தங்கின. பர்னல் என்கிற நீதிபதி அங்கேயே இருந்த வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்திப் பட்டியல் போட்டு 1880-இல் வெளியிட்டார். 1918-இல் அது பொதுமக்கள் நூலகமானது. தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அலங்காரச் சுவடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மருத்துவக் குறிப்பையும் செலவுக் கணக்கையும் அன்றைக்கு அடுப்பில் போட்டிருந்தால், இன்று ஆய்வாளர்கள் அங்கே வந்து எதைப் படிப்பார்கள்? ஓலைக்குச் செய்ததை இரும்புக்கும் செய்திருக்கலாம்.

அதனால் இரண்டு கோரிக்கைகளை இந்த மன்றத்தின் முன் வைக்கிறேன். எழும்பூரில் இருக்கிற தஞ்சை ஆயுதங்களைத் தகுந்த பாதுகாப்போடு ஆயுத கோபுரத்துக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவை அங்கிருந்து வந்தவைதான், 300 கிலோமீட்டருக்குச் சற்று மேலே பயணம், அவ்வளவுதான். அடுத்து, வெளிநாடுகளில் இருக்கிற ஒவ்வொரு தஞ்சை ஆயுதத்தின் படத்தையும் அளவையும் கேட்டு வாங்கி ஒரே பட்டியலாக அந்தக் கோபுரத்தில் வைக்க வேண்டும். எடைக்குப் போனவற்றுக்கு அங்கே வெற்றுத் தாங்கிகளையாவது வரிசையாக வைக்கட்டும். உள்ளே வருகிறவர்கள் அந்த வெற்றிடத்தையும் பார்க்கட்டும்.

தீர்ப்பைத் தங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.