ரீட்லைன்ஸ் போட்டால் மெமரி ஏன் நிறைகிறது? ஒரு சந்தேகமும் விளக்கமும்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி அளவில் ஒரு லாக் ஃபைல், அதாவது நடந்ததை எல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கும் ஃபைல், இருக்கிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு பயனர் எண். இன்னொரு சின்ன ஃபைலில் 20,000 பயனர் எண்கள். அந்த 20,000 பேருடைய வரிகளை மட்டும் பொறுக்கித் தனி ஃபைலில் எழுத வேண்டும். இதற்குக் கேள்வி கேட்டவர் பைத்தானில் நிரல் எழுதியிருக்கிறார். ஓடவிட்டால் மெமரி நிறைந்து கணினியே திணறுகிறதாம், மணிக்கணக்காகியும் முடியவில்லையாம். பஃபர், அதாவது ஃபைலிலிருந்து ஒரு நடையில் அள்ளிவருவதை வைக்கும் தற்காலிக இடம், அதன் அளவைக் கூட்டிப் பார்த்திருக்கிறார், பலனில்லை. "ஃபைலை வேகமாகப் படிக்க வழி சொல்லுங்கள், இல்லாவிட்டால் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

நல்லவேளை, நிரலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். இல்லையென்றால் நானும் பஃபரைப் பற்றியே பேசிவிட்டுப் போயிருப்பேன். நிரலைப் பார்த்தால்தான் தெரிகிறது, இதில் இருப்பது இரண்டு சிக்கல்கள். மெமரி நிறைவதற்குக் காரணம் வேறு, நேரம் ஆவதற்குக் காரணம் வேறு.

முதலில் மெமரி. முதல் வரியிலேயே எஃப் டாட் ரீட்லைன்ஸ் என்று போட்டிருக்கிறீர்கள் (எஃப் என்பது நீங்கள் திறந்த ஃபைல்). அது மொத்த ஃபைலையும் படித்து, ஒவ்வொரு வரியையும் தனி ஸ்ட்ரிங்காக்கி (ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் தொடர்), எல்லாவற்றையும் ஒரு லிஸ்டில் அடுக்கிய பிறகுதான் அடுத்த வேலைக்கே விடும். "ஃபைல் 2 ஜிபிதானே, என் கணினியில் 4 ஜிபி மெமரி இருக்கிறதே" என்று நினைத்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வரி சராசரியாக 50 பைட் என்று வையுங்கள். 2 ஜிபிக்கு ஏறக்குறைய 4 கோடி வரிகள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் பைத்தானில், உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாத காலி ஸ்ட்ரிங்கே 41 பைட் எடுக்கும் (3.11 பதிப்பு வரை 49). அதன் நீளம், ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்) போன்ற விவரங்களை எல்லாம் அது சுமக்க வேண்டுமே. ஆக 50 பைட் வரி மெமரியில் 91 பைட் ஆகிறது. லிஸ்டில் அதைச் சுட்டிக்காட்ட இன்னொரு 8 பைட். 99-ஐ 4 கோடியால் பெருக்கினால் ஏறக்குறைய 4 ஜிபி ஆகிவிடும். 2 ஜிபி ஃபைல் உள்ளே போனதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஊதிவிடுகிறது. அதன் பிறகு இயங்குதளம் மெமரியில் இருப்பதை டிஸ்குக்குத் தள்ளுவதும் திரும்பக் கொண்டுவருவதுமாக அல்லாடும். கணினி திணறியது அதனால்தான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். மேலே சொன்னது ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும் வரிக்கு. எழுத்துகளை ஃபைலில் பைட்டாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப் 8-இல் தமிழ் எழுத்துகள் குறியீட்டுக்கு 3 பைட் எடுக்கும், பைத்தானின் மெமரிக்குள் 2 பைட்தான். ஆனால் அதே வரியில் யாராவது ஒரே ஒரு எமோஜியைப் போட்டுவிட்டால் போதும், அந்த வரியில் உள்ள எல்லா எழுத்துக்கும் 4 பைட் ஒதுக்கிவிடும். பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து இப்படித்தான். அரட்டைப் பதிவுகளோடு வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீர்வு என்ன? ரீட்லைன்ஸை எடுத்துவிட்டு, ஃபார் லைன் இன் எஃப் என்று ஃபைல் மீதே நேரடியாகச் சுற்றுங்கள். அவ்வளவுதான். ஒரு வரியைப் படிக்கும், வேலையை முடிக்கும், அடுத்த வரிக்குப் போகும். பழைய வரியின் இடம் விடுபட்டுவிடும். ஃபைல் 2 ஜிபியோ 200 ஜிபியோ, மெமரி அப்படியே கிடக்கும். சிலர் ரீட் போட்டு மொத்தமாக வாங்கி, அதை ஸ்பிளிட் செய்வார்கள், அதாவது துண்டுகளாக வெட்டுவார்கள். அது இன்னும் மோசம். முழு ஃபைலும் ஒரு ஸ்ட்ரிங்காக ஒரு தடவை, வரிகளாக இன்னொரு தடவை, இரண்டும் ஒரே நேரத்தில் மெமரியில் உட்கார்ந்திருக்கும்.

உடனே ஒரு கேள்வி வரும். வரிக்கு வரி டிஸ்குக்குப் போய்வந்தால் மெதுவாகாதா? அப்படிப் போவதில்லை. பைத்தானின் ஃபைல் பொருள் ஒரு பஃபரை வைத்துக்கொண்டு மொத்தமாக அள்ளித்தான் வருகிறது. நெடுங்காலமாக அதன் இயல்பு அளவு 8192 பைட்டாக இருந்தது, 3.14 பதிப்பிலிருந்து அதைவிடப் பெரிது. அந்தப் பழைய அளவிலேயே, உங்கள் வரி 50 பைட் என்றால் ஒரு நடையில் 160 வரிகளுக்கு மேல் வந்துவிடும். ஜாவாவின் பஃபர்டு ரீடரிலும் இயல்பு அளவு 8192 எழுத்துகள்தான். அதற்குக் கீழே இயங்குதளமும் சும்மா இருப்பதில்லை. நீங்கள் வரிசையாகப் படிக்கிறீர்கள் என்று தெரிந்தால் அடுத்த பகுதியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும். நீங்கள் பஃபரைக் கூட்டியும் பெரிய மாற்றம் தெரியாததில் ஆச்சரியமே இல்லை.

இப்போது நேரம். உண்மையான வில்லன் இங்கேதான் இருக்கிறான். 20,000 எண்களையும் ஒரு லிஸ்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் இஃப் எண் இன் லிஸ்ட் என்று கேட்கிறீர்கள். பார்க்க ஒரு வரிதான். உள்ளே நடப்பதைப் பாருங்கள். லிஸ்டின் முதல் எண்ணோடு ஒப்பிடும், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை. பட்டியலில் இல்லாத பயனர் என்றால் 20,000 எண்களையும் பார்த்த பிறகுதான் கையை விரிக்கும். சராசரியாக 10,000 ஒப்பீடு என்று குறைத்தே வைத்தாலும், 4 கோடி வரிக்கு 40,000 கோடி ஒப்பீடுகள். எந்தக் கணினிக்கும் இது மணிக்கணக்கான வேலைதான். இதற்கும் ஃபைல் படிப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

லிஸ்டை செட்டாக மாற்றுங்கள். செட் அந்த எண்ணின் ஹாஷைக் கணக்கிட்டு, அது இருக்க வேண்டிய இடத்துக்கே நேராகப் போய்ப் பார்க்கும். உள்ளே 20 எண்கள் இருந்தாலும் 20,000 இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதில் நானே ஒருமுறை அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். ஃபைலிலிருந்து வரும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரிமுறிவுக் குறி ஒட்டிக்கொண்டே வரும். அதை ஸ்ட்ரிப் போட்டு நீக்காமல் செட்டில் போட்டுவிட்டேன். நிரல் பிழையில்லாமல் ஓடியது, மின்னல் வேகம், ஆனால் ஆயிரக்கணக்கான பயனர்களில் ஒரே ஒருவருடைய வரிகள் மட்டும் பொருந்தின. எவர் என்று பார்த்தால், பட்டியலின் கடைசி எண். கடைசி வரிக்குப் பிறகு யாரும் என்டர் தட்டவில்லை, அதனால் அது மட்டும் சுத்தமாக வந்திருக்கிறது! உங்கள் நிரலில் ஸ்ட்ரிப் இருக்கிறது, மாற்றும் அவசரத்தில் அதை அழித்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. பயனர் எண்ணை எடுக்க முழு வரியையும் ஸ்பிளிட் செய்கிறீர்கள். வரியில் 12 பத்திகள் இருந்தால் 12 ஸ்ட்ரிங் உருவாகும், அதில் 11 வீண். ஸ்பிளிட்டுக்கு மேக்ஸ்ஸ்பிளிட் 1 என்று கொடுங்கள், முதல் துண்டை வெட்டியதும் நின்றுவிடும். இன்னொன்று, பொருந்தும் ஒவ்வொரு வரிக்கும் வெளியீட்டு ஃபைலைத் திறந்து, எழுதி, மூடுகிறீர்கள். அதைச் சுற்றுக்கு வெளியே ஒரே தடவை திறந்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் வேகம் போதவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஃபைலை ஆர்பி என்று பைனரி முறையில் திறங்கள். சாதாரண முறையில் பைத்தான் ஒவ்வொரு பைட்டையும் எழுத்தாக டீகோட் செய்கிறது, அதாவது மாற்றுகிறது. உங்களுக்கு வேண்டியது சில வரிகள்தானே? பைட்டாகவே ஒப்பிடலாம், பொருந்திய வரியை அப்படியே பைட்டாக எழுதிவிடலாம். செட்டில் உள்ள எண்களும் பைட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் பொருந்தாது. யூடிஎஃப் 8 ஃபைலில் தைரியமாக இதைச் செய்யலாம். வரிமுறிவின் பைட்டான 0ஏ அங்கே வேறெந்த எழுத்துக்குள்ளும் வராது. யூடிஎஃப் 16 என்ற வேறு சேமிப்பு முறை என்றால் வேண்டாம். குர்முகி, குஜராத்தி எழுத்துகளின் குறியீடுகள் எல்லாமே 0ஏ என்றுதான் தொடங்கும். வரி கண்ட இடத்தில் முறியும்.

சி பிளஸ் பிளஸ்? மாறலாம், தடையில்லை. ஆனால் அங்கேயும் ஒரு வெக்டரில் (பைத்தான் லிஸ்ட் போன்றது) 20,000 எண்களைப் போட்டு வரிசையாகத் தேடினால் அதே 40,000 கோடிதான், ஒவ்வொன்றும் சற்று வேகமாக நடக்கும். எழுதும்போது வரிக்கு வரி எண்ட்எல் (வரியை முடித்து பஃபரையும் காலி செய்யும் கட்டளை) போட்டு பஃபரை வெளியே தள்ளினால் அந்த லாபமும் கரையும்.

மாறுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபார் லைன் இன் எஃப், உள்ளே வெறும் பாஸ் (எதுவும் செய்யாதே என்ற கட்டளை), வேறொன்றும் வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் படிப்பதற்கு மட்டும் ஆகும் நேரம். அப்புறம் முழு நிரலையும் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். முதல் தடவை ஓட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இடம் இருந்தால் இயங்குதளம் படித்த ஃபைலை மெமரியில் வைத்துக்கொள்ளும், அதனால் இரண்டாவது தடவை எதை ஓட்டினாலும் வேகமாகத்தான் தெரியும். "பஃபரை மாற்றினேன், பறக்கிறது" என்று சொல்கிறவர்களில் பலர் பார்த்தது இதைத்தான். இரண்டையும் இரண்டு மூன்று தடவை ஓட்டி, வரும் எண்களை எனக்கு அனுப்புங்கள். வெற்றுச் சுற்றுக்கே நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால் டிஸ்கைப் பார்க்க வேண்டும், அது வேறு பேச்சு.