சர்வாதிகாரியை விரட்ட அடுத்த நாட்டுப் படை போகலாமா?

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. கேட்ட நண்பர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)

கூட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்த சரக்கில் பாதியைத் தீர்த்துவிட்ட வழக்கறிஞர் அண்ணாச்சி அவர்களே, மானூர்ப் பக்கமிருந்து பஸ் மாறி வந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, மைக் செட் தம்பி அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இந்த ஊரில் யார் கூட்டம் போட்டாலும் முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கடைசி நன்றியுரை வரை எழுந்திருக்காத ஒரே மனிதர் அவர்தான். பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதையும் மீறி இந்தச் சித்திரை வெயிலில் போர்த்திவிட்டார்கள். அன்புக்கு நன்றி.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று சட்டம், இரண்டு சரித்திரம், மூன்று தர்மம்.

சட்டம் சுருக்கமானது. 1945-ல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு, இன்னொரு நாட்டின் மேல் படைபலத்தைக் காட்டாதே என்கிறது. விலக்கு இரண்டுதான்: உன்னைத் தாக்கினால் தற்காத்துக்கொள்ளலாம், அல்லது பாதுகாப்பு சபை அனுமதிக்க வேண்டும். அந்த நாட்டு அதிபர் கொடுங்கோலர் என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை. 2005-ல் உலகத் தலைவர்கள் கூடி, ஒரு அரசு தன் மக்களை இனப்படுகொலையிலிருந்து காக்கத் தவறினால் பாதுகாப்பு சபை மூலமாகத் தலையிடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். சரி, அந்த சபையில் எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் வீட்டோ ஐந்து நாடுகள் கையில் இருக்கிறது. மற்றதை வழக்கறிஞர் அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

சரித்திரத்துக்கு வருவோம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என் பேச்சுக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு இந்தப் பழமொழி மனப்பாடம் ஆகியிருக்கும். என்ன செய்ய, ஓநாய்கள் ஓய்ந்தபாடில்லையே! கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் நம் சீமைக்குள் வந்தபோதும் பாளையக்காரர்களின் கொடுமையிலிருந்து குடிகளைக் காக்கத்தான் வந்தேன் என்றான். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டான். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினான். பிறகு கிளம்பினானா? 1947 வரை இருந்தான்.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு காலத்தில் ஈராக் அதிபர் சதாம் உசேன் படம் மாட்டியிருந்தது. பத்திரிகையில் வெட்டிக் கண்ணாடி போட்டது. எதற்கு என்று கேட்டால், "மீசை நல்லாருக்குல்லா" என்பார் மாஸ்டர். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கே மளிகைக்கடையில் வேலை பார்த்த எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவரிடமிருந்து தகவலே இல்லை. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். குவைத்துக்காரர் இறங்கினால் முதலில் பெட்டி இறங்கும், டேப் ரிக்கார்டர் இறங்கும், கம்பளி இறங்கும், சென்ட் வாசம் தெருமுக்கு வரை போகும். இவர் ஒரு ரெக்சின் பையோடு இறங்கினார். நேரே டீக்கடைக்கு வந்து, பெஞ்சில் ஏறி, சதாமைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டு, "ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றார். மாஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை.

கடையிலிருந்த ஃபிரிஜ்ஜை ஈராக் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனார்களாம், உள்ளேயிருந்த தயிரோடு. அப்புறம் பஸ்ஸில் பாக்தாத், ஜோர்டான் எல்லை, பாலைவனத்துக் கூடாரம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா, பம்பாய். அப்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களை அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் இவர்.

2003 ஏப்ரல் 9-ல் பாக்தாத்தில் அமெரிக்கப் படை சதாம் சிலையைச் சாய்த்ததை டிவியில் காட்டினார்கள். அண்ணாச்சி சந்தோஷப்படுவார் என்று ஒருத்தர் லட்டு வாங்கி வந்தார். அவர் கையை நீட்டவில்லை. "இவன் போயிட்டான், சரி. வந்தவன் எப்போ வே போவான்?" என்றார். அன்றிலிருந்து பேப்பரைப் பிரித்ததும் ஒரே கேள்விதான். "போயிட்டானா வே?" "இன்னும் இல்ல அண்ணாச்சி." பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லித்தான் போனார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. "போயிட்டானா வே?" "இல்ல அண்ணாச்சி." 2006 டிசம்பர் 30-ல் சதாமைத் தூக்கில் போட்டார்கள். "சரி வே, இப்பவாவது?" "இல்ல அண்ணாச்சி." ஒருவழியாக 2011 டிசம்பரில் கடைசி அமெரிக்கத் துருப்பும் வெளியேறியது. அதற்குள் அண்ணாச்சிக்குக் காது மந்தமாகிவிட்டது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினோம்: "போயிட்டான் அண்ணாச்சி!" திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "யாரு, மாஸ்டரா?"

2014-ல் அவர்கள் திரும்பவும் வந்தார்கள். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

படை போகலாம் என்கிற எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். கம்போடியாவில் போல் பாட் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள் என்று கணிக்கிறார்கள். அதை நிறுத்தியது எந்தத் தீர்மானமும் இல்லை. வியட்நாம் படை 1979 ஜனவரி 7-ல் தலைநகர் நாம் பென்னுக்குள் நுழைந்ததுதான் நிறுத்தியது. அதன் பிறகும் ஐ.நா.வில் போல் பாட் கூட்டத்துக்கே நாற்காலி போட்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில், தன் மண்ணுக்குள் புகுந்த உகாண்டா அதிபர் இடி அமீனைத் துரத்திக்கொண்டு தான்சானியா அவர் தலைநகர் கம்பாலா வரை போனது. போகாமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உகாண்டாவுக்கு நிம்மதி கிடைத்ததா? பழைய அதிபர் ஒபோட்டே திரும்பி வந்தார், உள்நாட்டுச் சண்டை வந்தது, 1986-ல் முசேவேனி வந்தார், வந்தவர் எழுந்திருக்கவில்லை. லிபியாவில் 2011-ல் பாதுகாப்பு சபை அனுமதியோடுதான் குண்டு போட்டார்கள். இந்தியா அந்த வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டது. கடாபி போனார், பின்னால் ஒரு நாட்டுக்கு இரண்டு அரசாங்கம் ஆனது.

நம் கணக்கில் 1971 வங்கதேச யுத்தம் இருக்கிறது. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைந்தவர்கள் ஏறக்குறைய 93,000 பேர். மூன்று மாதத்தில் நம் படை திரும்பிவிட்டது. எங்கள் அண்ணாச்சியின் கேள்விக்குச் சட்டென்று பதில் சொன்ன யுத்தம் அது. ஏன் முடிந்தது? கிழக்கு வங்க மக்கள் 1970 டிசம்பரிலேயே ஓட்டுப் போட்டு, தங்களை யார் ஆள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 169 இடத்தில் 167 இடம் ஒரே கட்சிக்கு. நாற்காலியில் உட்கார ஆள் தயார், பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான்தான் விடவில்லை. ஈராக்கில் அப்படி எதுவும் இல்லை. போனவர்கள் இருந்த ராணுவத்தையும் 2003 மே மாதம் ஒரே உத்தரவில் கலைத்து, துப்பாக்கி பிடித்த லட்சக்கணக்கானவர்களைத் தெருவில் விட்டார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான். கொலை நடந்துகொண்டிருக்கும்போது தடுக்கப் போகலாம்; போகிறவன் திரும்பும் தேதியோடு போக வேண்டும். ஆட்சியை மாற்றிக் கொடுக்கிறேன் என்று போகக்கூடாது. கூடி உட்கார்ந்து முடிவெடுக்கும் பழக்கத்தை விமானத்திலிருந்து போட முடியாது. ஆட்டுக்காக ஓநாய் அழுவதை விடுங்கள், ஆட்டுக்கே வாய் வேண்டும்!

இப்போது மானூர்ச் சகோதரிகள் நிமிர்ந்து உட்காரலாம். உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் காலத்துச் சபையின் விதிகளைச் சொல்கிறது. உத்திரமேரூரை எல்லாருக்கும் தெரியும். மானூர் அதற்கும் மூத்தது. எதைச் சொன்னாலும் கூடாது கூடாது என்று சபையைக் குலைப்பவனுக்கு ஐந்து காசு தண்டம். அந்தச் சபையில் எல்லாரும் உட்கார முடியாது, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கிராம சபையில் வாக்காளர் எல்லாருக்கும் இடமிருக்கிறது, போகத்தான் ஆள் இல்லை. வருஷத்துக்கு ஆறு கூட்டம். 500 பேர் உள்ள ஊரில் 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராவிட்டால் என்ன நடக்கிறது? கையெழுத்துக்காகத் தீர்மான நோட்டு வீடு வீடாக வருகிறது. அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டால், "சும்மா போடுங்க, நூறு நாள் வேலைக்குத்தான்" என்கிறார்கள். நோட்டில் எதிர்ப்பக்கம் வெற்றாக இருக்கிறது. தீர்மானம் பிறகு வந்து உட்காரும். பாக்தாத்தில் இதே நோட்டுதான் கொஞ்சம் பெரிய சைஸில் இருந்தது.

பெண்கள் ஏன் வருவதில்லை? கிராம சபை கூடும் மே 1 தொழிலாளர் தினத்திலும் மடியில் பீடித் தட்டு இருக்கிறது. கூட்டமோ காலை பதினொரு மணிக்கு. சாயங்காலம் வைத்தால் வருவார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

தலைவர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார். தர்மத்தை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில், கிராம சபையைச் சாயங்காலம் கூட்டச் சொல்லி மனுக் கொடுக்கிறோம். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்காமல் போட வருகிறவர்களுக்குப் பேனா தர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.