ஊருக்குள் புகுந்து போன சாலை

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலை சிகாகோவில் கிளம்பி, எட்டு மாநிலங்களைக் கடந்து, கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் கடலோரம் போய் முடியும். ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். அதில் கேன்சஸ் மாநிலத்துக்குக் கிடைத்தது 21 கிலோமீட்டர்தான்.

இதைப் புதிதாகப் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருந்த ஊர்ச்சாலைகளை ஒன்றோடொன்று கோத்து, 1926 நவம்பரில் ஒரே எண் கொடுத்தார்கள். இந்த வழி அமைந்ததில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துத் தொழிலதிபர் சைரஸ் ஏவரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர்ச்சாலைகளைக் கோத்ததால்தான் ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் புகுந்து போனது. எனக்கு இந்தச் சாலை பிடித்துப் போனதே அதனால்தான்.

ஓக்லஹோமாவில் ஒரு துண்டு இருக்கிறது. அகலம் வெறும் 9 அடி! எதிரே வண்டி வந்தால், இரண்டு பேரும் ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணில் இறக்கி ஒதுங்க வேண்டும். 1937 வரை நெடுஞ்சாலைப் போக்குவரத்து அதில்தான் ஓடியது.

1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் விவசாயத்தை அழித்தபோது, மெத்தையையும் சட்டிபானையையும் காரின் மேல் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இவ்வழியே மேற்கே போனார்கள். 1936இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் கலிபோர்னியாவின் எல்லைகளிலேயே நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கறுப்பினத்தவருக்கோ வழியில் பல ஊர்களில் தங்க இடமே கொடுக்கவில்லை. எந்த விடுதி சேர்த்துக்கொள்ளும் என்று பார்த்துப் போக, விக்டர் கிரீன் என்ற தபால்காரர் வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம்தான் அவர்களுக்குத் துணை. இந்தச் சாலையைக் கொண்டாடும்போது இதையும் சொல்லியே ஆக வேண்டும்.

1956இல் விரைவுச்சாலைகளுக்கான சட்டம் வந்தது. அப்புறம் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் புதுச் சாலைகள் நேராகப் போயின. அரிசோனாவில் செலிக்மன் என்ற சிற்றூர். 1978 செப்டம்பர் 22 அன்று பக்கத்தில் புதுச்சாலை திறந்தார்கள். அன்றைக்கே கடைத்தெருவில் வண்டி ஓட்டம் நின்றுபோனது. பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை, விடுதி, எல்லாம் வழிப்போக்கரை நம்பியே இருந்தவை. 1985இல் 66 என்ற எண்ணும் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அந்த ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடில்லோ சும்மா இருக்கவில்லை. 1987இல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். அரிசோனா அரசும் அந்தப் பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. 66 என்று எழுதிய பலகைகள் மறுபடி முளைத்தன. வெளியூர் வண்டிகள் மறுபடி செலிக்மன் கடைத்தெருவில் வந்து நின்றன.